வெள்ள நிவாரணப் பணம் மிச்சம் இருக்கு. மாற்றுத்திறனாளிகளுக்குன்னா சக்கர நாற்காலிதான் வாங்கணுமா?

ஆத்தங்கரையான் (கேள்வி)
செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். ஊர் திருநெல்வேலி மாவட்டம் சீவலப்பேரிக்குப் பக்கம், தாமிரபரணி ஆத்தோரம். நான் இருக்கது சவுதி தமாம்ல. எங்க ஊர்ப் பசங்க சவுதி, துபாய், மஸ்கட்னு சிதறிக் கிடக்கோம், எல்லாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு. 2023 டிசம்பர் வெள்ளத்தப்போ ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அரிசி, பாய், போர்வை, ரொட்டின்னு வேன்ல ஏத்தி அனுப்பினோம். அதுல மிஞ்சினதும் பிறகு வந்ததும் சேர்ந்து 2,80,000 ரூபாய் வங்கியில நிக்குது.

ஐப்பசி மழை பிடிக்கிறதுக்கு முன்னால மாற்றுத்திறனாளிகளுக்கு எதாவது பண்ணுவோம்னு பேச்சு வந்துச்சு. ஒருத்தர், முப்பது சக்கர நாற்காலி வாங்கி, தசரா முடிஞ்ச கையோட பள்ளிக்கூட மைதானத்துல மேடை போட்டுக் குடுப்போம்ங்காரு. பேனர் டிசைன் வரைக்கும் அனுப்பிட்டாரு. இன்னொருத்தன், "எங்க சித்தப்பா மகன் படுக்கையில கிடக்கான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு நாற்காலி வந்து, கட்டிலுக்கு அடியில மடிச்சுக் கிடக்கு. அவன்கிட்ட யாராவது கேட்டீங்களா?"ன்னு போட்டான். அதுக்குப் பிறகு குழுவுல குட் மார்னிங் மட்டும்தான் வருது.

வெள்ளத்துல நேரடியா அடிபட்டவங்க, இல்லன்னா அப்படிப்பட்டவங்களோட வேலை பார்க்கிறவங்க இங்க இருப்பீங்க. இந்தப் பணத்தை எதுல போட்டா உருப்படியா இருக்கும்? எங்க ஊரும் சுத்துப்பட்டும் சேர்த்து ஆள் கணக்கு எங்ககிட்ட இல்ல. தோராயமா சொன்னாலும் போதும்.


வரவுசெலவு

எதில் போடுவது என்பதைப் பிறகு மற்றவர்கள் சொல்வார்கள், முதலில் பணம் வந்த வழியைப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பியது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. குழுவில் யாராவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் பங்கை வாங்கிக்கொள்ள வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவான அமைப்பால்தான் முடியும். உங்கள் வாட்ஸ்அப் குழுவால் முடியாது. அதைத் தனியாகப் பிரித்து வையுங்கள்.

ஊரில் யாராவது வருமான வரிச் சலுகைக்கு ரசீது கேட்டால், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்கு அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லிவிடுங்கள். பணம் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது என்றால் இரண்டு பேர் கையெழுத்திடும் கணக்காக மாற்றுங்கள். ஊர்ப் பணத்தில் சண்டை வந்தால் ஆறு தலைமுறைக்கு நிற்கும்.


சக்கரம்_பாளை

தம்பி, கேட்டதுக்கு நேராச் சொல்லுதேன். முப்பது நாற்காலி வாங்காதிய.

நான் பனையேறி. உடன்குடிப் பக்கம் மரத்துல இருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போச்சு. நம்ம சீமையில இது ஒண்ணும் அதிசயம் இல்ல, முதுகுத்தண்டு வார்டுல போய்ப் பாருங்க, பனையில விழுந்தவன், கட்டடத்துல விழுந்தவன், பைக்ல விழுந்தவன்னு வரிசையாக் கிடப்பான். இப்பம் சக்கர நாற்காலி, மூணு சக்கர சைக்கிள் ரிப்பேர் பாக்கேன். அதனால நாற்காலி பத்திக் கொஞ்சம் திமிராப் பேசினா பொறுத்துக்கிடுங்க.

2023 மார்கழி ஒண்ணாந்தேதி, ஞாயித்துக்கிழமை. அப்பம் நாங்க திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மீனாட்சிபுரத்துல வாடகைக்கு இருந்தோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பெஞ்சதுன்னு பிறகு பேப்பர்ல படிச்சோம், அன்னைக்கு எங்களுக்குத் தெரிஞ்சது வாசப்படியைத் தாண்டி வந்த தண்ணி மட்டுந்தான். மேலத் தெருப் பயலுவ என்னைய ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு, நாலு பேராத் தூக்கி எதுத்த வீட்டு மொட்டை மாடியில ஏத்தினானுவ. சக்கர நாற்காலி கீழயே நின்னுட்டு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, ஆளா நாற்காலியான்னா ஆளத்தான் தூக்குவான்.

மாடியில கூட்டத்தோட கூட்டமா நானும் இருந்தேன். ரொட்டி வந்துச்சு, பிஸ்கட் வந்துச்சு, தண்ணி பாக்கெட் வந்துச்சு. அனுப்புன மகராசங்க நல்லா இருக்கணும். ஆனா எனக்கு வேண்டியது மூத்திர பை. மாட்டியிருந்த பை ரொம்பிக் கசிய ஆரம்பிச்சுட்டு, மாத்துப் பை வீட்டுக்குள்ள தண்ணிக்கு அடியில. அதனால நான் என்ன பண்ணினேன்னா, தண்ணி குடிக்கதை நிறுத்திட்டேன். மூத்திரம் போக டியூப் போட்டவன் தண்ணி குடிக்காட்டி டியூப் அடைக்கும், கிருமி ஏறும், குளிர் காய்ச்சல் வரும். எனக்கும் வந்துச்சு, பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாவ. என்னை மாதிரி நிறையப் பேரு அந்த ஒரு வாரம் இப்படித்தான் வாயைக் கட்டினாவ. பொம்பளையாளுவ கதை இதைவிட மோசம், கூட்டத்துல பை மாத்த மறைப்பு கிடையாது.

அடுத்தது புண்ணு. எனக்கு உக்காந்த இடம் நனைஞ்சிருக்கா, கல்லு குத்துதா, ஒண்ணும் தெரியாது. படுத்தா ரெண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை ஒருக்களிச்சுப் போடணும். உக்காந்திருந்தா அடிக்கடி கையை ஊணி எந்திரிச்சு பாரத்தை எடுக்கணும். ஈரத் தரையில, ஈரக் கைலியோட ஒரு ராத்திரி போதும், தோல் செவந்து, அது கருத்து, குழியாயிரும். அந்தக் குழி ஆற மாசக்கணக்காகும். அத்தனை மாசமும் வேலை கிடையாது, குப்புறக் கிடக்கணும். வெள்ளத்துல செத்தவங்க கணக்கு பேப்பர்ல வரும், இந்தக் கணக்கு எதுலயும் வராது.

காத்து மெத்தை வாங்கிக் குடுக்கேன்னு சில பேர் வருவாவ. நல்ல பொருள்தான், நானும் வெச்சிருக்கேன். அது கரண்டுல ஓடுதது. வெள்ளத்துல கரண்டு நாள்கணக்கா இல்ல, மெத்தை தட்டையாப் போச்சு, கீழ வெறும் பலகை. அதனால காத்து மெத்தை குடுக்கிற வீட்டுக்கு ஒரு கனமான நுரை மெத்தையும் சேத்துக் குடுக்கணும்.

இப்பம் நாற்காலிக்கு வாரேன். மேடையில குடுக்கதுக்கு மொத்தமா வாங்குதது எல்லாம் ஒரே அச்சு. ஆஸ்பத்திரியில நோயாளியைத் தள்ளிட்டுப் போறதுக்குச் செஞ்ச மாடல், உள்ளே பதினெட்டு அங்குல அகலம். என் இடுப்புக்கு ரெண்டு கை விட்டுப் போகும், ஒரு பக்கமாச் சாஞ்சே உக்காரணும், முதுகு கோணும். கால் வைக்கிற தட்டு உயரம் சரியில்லைன்னா பாரம் முழுக்க உக்கார்ற இடத்துல இறங்கும். மெத்தை கிடையாது, வெறும் ரெக்சின் துணி, மூணு மாசத்துல தொட்டிலாத் தொங்கும். முன்சக்கரம் சின்னதா, கட்டி ரப்பர்ல இருக்கும், நம்ம தெருவுக்கும் ஆத்து மணலுக்கும் அது இறங்கினா இறங்குன இடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2008-லயே புஸ்தகம் போட்டுச் சொல்லியிருக்கு: ஆளைப் பாத்து, அளந்து, பொருத்தி, ஓட்டக் கத்துக் குடுத்து, பிறகும் வந்து பாக்கணும், அதுவரைக்கும் சேத்துத்தான் நாற்காலி குடுக்கதுன்னு. முப்பதை ஒரே நாள்ல மேடையில குடுத்தா அதுல எதைச் செய்ய முடியும்?

வெள்ளத்துக்குப் பிறகு ஒரு அமைப்பு (பேரு வேண்டாம்) எனக்கும் ஒண்ணு குடுத்துச்சு. மாலை போட்டு போட்டோ எடுத்தாவ. இப்பம் அதுல எங்க அம்மை துணி காயப் போடுதா.

ஆனா என் பழைய நாற்காலி இருக்கு பாருங்க, சேத்துல மூணு நாள் கிடந்தது, அது எனக்குன்னு அளவெடுத்தது. அதுக்கு என்ன செலவு ஆச்சு? நாலு சக்கரத்துக்கும் பேரிங் மாத்தினேன், ஆக்சில் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி கிரீஸ் வெச்சேன், டியூப் மாத்தினேன், மெத்தையை மட்டும் தூக்கிப் போட்டேன். சாக்கடைத் தண்ணி குடிச்ச நுரை காய்ஞ்சாலும் ஆகாது, அதுல உக்காந்தா புண்ணு வந்துரும். மெத்தைதான் விலை. மத்ததெல்லாம் சைக்கிள் கடைச் சாமான். அப்புறம் தெரிஞ்சவிய கொண்டு வந்தாவ, கை மிதிவண்டி, பிள்ளைகளுக்கான நாற்காலி, அரசாங்கம் குடுத்த இணைப்புச் சக்கர ஸ்கூட்டர். ஸ்கூட்டர்க்காரங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிக்கிட்டே இருந்தேன்: தண்ணிக்குள்ள நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிராதிய. பிளக் கழட்டி, ஆயில் வடிச்சு மாத்தாம ஸ்டார்ட் அடிச்சா எஞ்சினுக்குள்ள கம்பி வளைஞ்சிரும், இன்சூரன்ஸ்காரன் அதுக்குத் தனி பாலிசி எடுத்தியாம்பான். பாதிப் பேரு எனக்கு முன்னாலயே அடிச்சுட்டு வந்துட்டாவ.

அதனால என் கணக்கு இது. பாதிப் பணத்துக்கு மேல ரிப்பேருக்கும் நல்ல மெத்தைக்கும் வைங்க. ஒரு சைக்கிள் மெக்கானிக்கையும் வெல்டரையும் கூலி பேசி, ஊர் ஊரா ரெண்டு மூணு நாள் உக்கார வைங்க. கூட ஒரு பிசியோதெரபி ஆள் வேணும், பொருத்தம் பாக்க. கொஞ்சப் பணத்துல மழைக்கு முன்னால ஆளுக்கு ஒரு அவசரப் பை கட்டிக் குடுங்க, அதைப் பிறகு சொல்லுதேன். புதுசா நாற்காலி வேணும்னு உண்மையிலயே நிக்குத ஆள் இருந்தா, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க விலையில்லாம வாங்க வழி இருக்கு, ஒங்க காசு எதுக்கு? முதுகுத்தண்டு அடிபட்டு வீட்டோட கிடக்கவனா இருந்தா, தென்காசிக்குப் பக்கம் ஆய்க்குடியில அமர் சேவா சங்கம் இருக்கு. அதைத் தொடங்குன ராமகிருஷ்ணன் ஐயாவே கழுத்துக்குக் கீழ அசைவில்லாம இருந்து 1981-ல ஆரம்பிச்சவரு. அங்க கட்டில்ல இருந்து நாற்காலிக்கு மாறுதது முதக்கொண்டு சொல்லிக் குடுப்பாவ. நான் கைத்தொழில் கத்துக்கிட்டது மாதிரி அவனும் ஒண்ணு கத்துக்கிடுவான். பஸ் செலவும் கூடப் போற ஆளுக்குக் கூலியும் ஒங்க குழு குடுத்தாப் போதும்.


பேனர்_வேணும்

அண்ணாச்சி சொல்றது சரி, ஆனா போட்டோ இல்லேன்னா அடுத்த வருசம் ஒரு பய பணம் போட மாட்டான். நானும் ஒரு ஊர்க் குழுவுக்குப் பொருளாளர், அனுபவத்துல சொல்றேன். பேரிங் மாத்தினோம்னு சொன்னா எவனுக்குப் புரியும்?


சக்கரம்_பாளை

சேறு பிடிச்ச நாற்காலியை ஒரு போட்டோ, கழுவி மாத்தின பிறகு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. எவனுக்கும் புரியும். அதுல நான் உக்காந்திருக்க வேண்டியதில்ல.


டீச்சரம்மா

நான் பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாளையில் பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு ஆண்டுகளைத் தாண்டியவை. மிஷனரிகளாக வந்த ஆஸ்க்வித் அம்மையாரும் சுவைன்சன் அம்மையாரும் வைத்த விதை. அதனால் இந்த ஊரைச் சுற்றி எங்கள் பழைய மாணவர்கள் பலர் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள். இந்த உரையாடல் முழுவதும் நாற்காலி பற்றியே போகிறது என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளம் வருகிறது என்று எப்படிச் சொன்னார்கள்? ஆட்டோவில் மைக் கட்டி. கணவன், மனைவி இருவருக்கும் காது கேட்காத வீட்டில் அந்த ஆட்டோ வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலும் அதே கதை. கட்டுப்பாட்டு அறை எண் 1077 என்று எல்லா இடத்திலும் எழுதிப் போட்டார்கள், பேசவும் கேட்கவும் முடிந்தவர்களுக்குத்தான் அது எண். எங்கள் பிள்ளைகள் வீடியோ அழைப்பில் சைகையால் பேசிக்கொள்வார்கள். செல்போன் கோபுரம் போனதும் அதுவும் போனது.

பலர் யோசிக்காத ஒன்று சொல்கிறேன். இருட்டில் சைகை மொழி கிடையாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் கிடையாது. கரண்டு போன வீட்டில் நமக்கு வெளிச்சம் மட்டும்தான் போகிறது, அவர்களுக்குப் பேச்சே போய்விடுகிறது. அந்த ராத்திரி ஒரு தாய், தன் பிள்ளையின் கையைத் தன் முகத்தில் வைத்து உதட்டசைவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னதாகப் பிறகு என்னிடம் சைகையில் சொன்னாள். காது கேளாதவர் வீட்டுக்கு நீங்கள் கொடுக்க வேண்டியது நெற்றியில் மாட்டும் விளக்கு, ஆளுக்கு ஒன்று. கை இரண்டும் சும்மா இருந்தால்தான் பேச முடியும், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது.

காது கேட்கும் கருவி நனைந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு நாள் வையுங்கள். அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்துக் கெடுத்தவர்கள் ஏராளம். அந்த டப்பாவும் மாற்றுப் பேட்டரிகளும் சின்னச் செலவு.

கண் தெரியாதவர்களுக்குத் தண்ணீர் வடிந்த பிறகுதான் கஷ்டமே தொடங்கும். கால் பழகிய தெருவில் மண்மேடு, பெயர்ந்த சாக்கடை மூடி, சாய்ந்த மின்கம்பம், நடுவழியில் நிவாரண மூட்டை. ஊர்ப் பிள்ளைகள் யாராவது ஒரு வாரம் கூட நடந்து புது வழியைப் பழக்கினாலே பெரிய உதவி. அதற்குப் பணமே வேண்டாம்.

ஆட்டிசம், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைக் கல்யாண மண்டபத்து முகாமில் வைத்திருக்க முடியவில்லை. இரைச்சல், வெளிச்சம், தெரியாத முகங்கள். பிள்ளை கத்தும், மற்றவர்கள் முறைப்பார்கள், தாய் தண்ணீர் வடியாத வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவாள். மண்டபத்தில் மணமகள் அறை ஒன்று இருக்குமே, அதை இவர்களுக்கு ஒதுக்கச் சொல்லி உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். வலிப்பு மாத்திரை ஒரு வேளை தப்பினாலும் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வந்துவிடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.


வன்னிமகள்

நான் திருநெல்வேலியில் இருக்கிற ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்தனான். எங்கட அம்மாவுக்கு ஒரு கால் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் விறகு பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடி. நான் பிறக்கும் முன்னம் நடந்தது.

நீங்கள் வெள்ளத்தைப் பற்றிக் கதைக்கிறியள். சண்டையில் அடிபட்ட ஆக்களுக்கும் இதே பாடம் பொருந்தும் எண்டுதான் எழுதுறன். ஷெல்லடி நிக்கும், நிவாரண லொறியும் நிக்கும். ஆனால் பொய்க்கால் ஒருக்கால் போட்டால் முடியிற விசயம் இல்லை. பெரியாளுக்குச் சில வருசத்துக்கு ஒருக்கால் மாத்த வேணும். மிச்சக் கால் மெலிஞ்சால் அது நுழையிற கூடு பெரிசாகி உரசும், புண் வரும். வளருற பிள்ளையெண்டால் இன்னும் அடிக்கடி. குண்டு விழுந்த வருசம் வந்த தொண்டு நிறுவனம் அஞ்சாம் வருசம் இருக்காது. யாழ்ப்பாணத்தில் 1987-இல் இருந்து நடக்கிற ஜெய்ப்பூர் நிலையம் மாதிரி ஊரோட நிக்கிற இடங்கள்தான் அம்மா மாதிரி ஆக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. அம்மாவின்ர முதல் கால் அங்க செய்தது.

ஜெய்ப்பூர் கால் எண்டது 1968-இல் ராம் சந்திர சர்மா எண்ட கைவினைக்காரரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து செய்தது. ரப்பர் பாதம், செருப்பு இல்லாமல் நடக்கலாம், சம்மணம் போட்டு இருக்கலாம், வயலுக்குள்ள இறங்கலாம். எங்கட சனத்துக்கு ஏற்றது. வெள்ளத்தில் அம்மாவின்ர பாதத்துக்கு ஒண்டும் ஆகேல்லை. கூட்டுக்குள்ள போடுற உறையும் வார்ப்பட்டையும்தான் நனைஞ்சு ஊத்தையாகிப் போச்சுது. ஈர உறையைப் போட்டுக்கொண்டு நிவாரண வரிசையில நிண்டு, மிச்சக் காலின்ர நுனியில் தோல் உரிஞ்சு, பிறகு கன நாள் கால் போட ஏலாமல் இருந்தா. உறை நாலைஞ்சு சோடி காய்ஞ்சதாக இருந்திருந்தால் காணும். விலை பெரிசில்லை, ஆனால் அம்மாவுக்கு அது வேணுமெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. அம்மாவும் சொல்லேல்லை, முகாமில வளர்ந்த பழக்கம், குடுக்கிறதை வாங்குவினம்.

அதால என்ர வேண்டுகோள் ஒண்டு. பணத்தை ஒரே வருசத்தில் முடிக்காதையுங்கோ. கொஞ்சத்தை வங்கியில விட்டு, மூண்டு நாலு வருசத்துக்கு அந்த ஆக்களையே திரும்பப் போய்ப் பாருங்கோ.


ஆத்தங்கரையான்

இவ்வளவு விவரமா வரும்னு நினைக்கல. எல்லாத்தையும் குழுவுல போட்டேன். பேனர் அனுப்பினவரே முதல் ஆளா "ரிப்பேர் முகாம் நடத்துவோம்"னுட்டாரு, ஆனா பேனரை விடல, அதுல வாசகம் மட்டும் மாறியிருக்கு. சரி, இருக்கட்டும்.

மூணு சந்தேகம். ஒண்ணு, எங்க ஊர்ல யார் யாருக்கு என்ன வேணும்னு பட்டியல் அரசாங்கத்துகிட்டயே இருக்குமா, நாங்க எடுக்கணுமா? ரெண்டு, அண்ணாச்சி "பை கட்டிக் குடுங்க"ன்னு சொல்லி நிறுத்திட்டீங்க, அதுல என்னென்ன வைக்கணும்? மூணு, வெள்ளத்துல சுவர் விழுந்து எங்க பக்கத்து ஊர் அக்கா ஒருத்தங்களுக்குக் கை போயிட்டு. அவங்களுக்கு நாங்க பணமாக் குடுக்கலாமா, அரசு உதவி எதுவும் உண்டா?


வரவுசெலவு

மூன்றாவதற்கு நான் சொல்கிறேன். பேரிடரில் உறுப்போ பார்வையோ இழந்தவர்களுக்கு மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து உதவி உண்டு. 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி ஊனம் 40 முதல் 60 சதவீதம் என்றால் 74,000 ரூபாய், 60 சதவீதத்துக்கு மேல் என்றால் 2,50,000 ரூபாய். அரசு மருத்துவர் எழுத வேண்டியது இரண்டு: ஊனம் எவ்வளவு, அது எதனால் வந்தது. இரண்டாவதைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சான்றிதழில் சதவீதம் மட்டும் இருக்கும், வெள்ளத்தில் சுவர் விழுந்தது என்று இருக்காது. அந்தச் சமயத்து ஆஸ்பத்திரி சீட்டு, கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, இடிந்த சுவரின் புகைப்படம் எது கிடைத்தாலும் சேர்த்துத் தாசில்தாரிடம் மனு கொடுக்கட்டும். காலம் கடந்துவிட்டது என்று தட்டிக் கழிக்கலாம், அப்போது ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கச் சொல்லுங்கள். உங்கள் பணத்தில் ஒரு வக்கீலுக்கோ அலைச்சலுக்கோ கொடுத்தால், கையில் பத்தாயிரம் கொடுப்பதைவிட அவருக்கு லாபம்.


சக்கரம்_பாளை

பட்டியல் பத்தி. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல எட்டாவது பிரிவு இருக்கு. போர், பேரிடர் எது வந்தாலும் எங்களுக்கும் சமமான பாதுகாப்பு வேணும்னு அதுல எழுதியிருக்கு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்துல இருக்க மாற்றுத்திறனாளிகள் விவரத்தை வெச்சிருக்கணும், ஆபத்து வந்தா அவங்களுக்குத் தகவல் சொல்லணும்னும் இருக்கு. சட்டம் சென்னைக்கும் டெல்லிக்கும் தெரியும், ஒங்க ஊர்ல மூணாவது தெருவுல மச்சு வீட்டுக்குப் பின்னால படுக்கையில கிடக்கவனை எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதனால அரசாங்கப் பட்டியலைக் கேளுங்க, ஆனா ஒங்களோடதை நீங்களே எடுங்க. ஊர்ல இருக்கிற பிள்ளைகளை வீடு வீடா அனுப்புங்க, அங்கன்வாடி அக்காவையும் கிராம சுகாதார நர்ஸ் அக்காவையும் கூட வெச்சுக்கிடுங்க, அவியளுக்கு எல்லா வீடும் தெரியும்.

பேரு, வீடு, என்ன குறை, அதெல்லாம் எவனும் எழுதுவான். நீங்க எழுத வேண்டியது: ராத்திரி தண்ணி வந்தா இந்த ஆளைத் தூக்க எத்தனை பேரு வேணும், எந்த மாடிக்கு, யாரு தூக்குவா. அந்த நாலு பேரோட போன் நம்பரையும் வாங்குங்க, மழைக்கு முன்னால ஒரு நாள் சும்மா தூக்கிப் பாக்கச் சொல்லுங்க. தெரியாதவன் தூக்கினா அக்குள்ல கை குடுத்து இழுப்பான், எங்களுக்குத் தோள் கழண்டுக்கிடும். அந்தப் பட்டியலை வாட்ஸ்அப்ல சுத்த விடாதிய. யாரு தனியா இருக்கா, யாரு எந்திரிக்க முடியாதுங்கது ஊருக்கே தெரிய வேண்டாம், குறிப்பா பொம்பளையாளுவ வீடு. ரெண்டு தாள்ல எழுதி, ஒண்ணு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட, ஒண்ணு ஊர்ல ஒரு நம்பிக்கையான ஆள்கிட்ட.

ரேஷன் விசயமும் அதுலயே பாத்திருங்க. வெள்ளத்தப்போ 6,000 ரூபாய் நிவாரணத்தை ரேஷன் கடை டோக்கன்லதான் குடுத்தாவ. எனக்கு அம்மை இருந்தா, வரிசையில நின்னு வாங்குனா. தனி ஆளா இருக்கவனுக்கு யாரு நிப்பா? வேற ஆள் போய்ப் பொருள் வாங்கதுக்கு அங்கீகாரச் சான்றுன்னு ஒண்ணு இருக்கு, அதை இப்பவே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. 2025 ஆகஸ்ட்ல தாயுமானவர் திட்டம்னு எழுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷனை வீட்டுக்கே கொண்டு வர ஆரம்பிச்சாவ. ஒங்க ஊர்ல யாரு பேரு விட்டுப்போயிருக்குன்னு பாருங்க. அந்த லிஸ்ட்ல பேரு ஏறினா, நாளைக்கு நிவாரணம் வந்தாலும் வீட்டுக்கே குடுங்கன்னு கேக்கதுக்கு ஒரு பிடி இருக்கும்.

பை விசயம். எல்லாருக்கும் ஒரே பை கட்டுனா அது முப்பது நாற்காலி கதைதான். தண்ணி புகாத பை, உரச் சாக்குக்குள்ள பாலிதீன் போட்டுக் கட்டினாலும் சரி, கையில தூக்க வாகா இருக்கணும். அட்டையெல்லாம் நகல் எடுத்து உறையில போட்டு உள்ள வைங்க; மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை தொலைஞ்சா இணையத்துல இருந்து இறக்கிக்கிடலாம், ஆனா நம்பர் தெரியணும். பத்து நாள் மாத்திரை, சீட்டோட. மிச்சம் ஆளுக்குத் தக்கன: எனக்கு மூத்திர பை, டியூப், கையுறை, ஜெல்லி, ஒரு மடக்குத் துணித் திரை, டீச்சரம்மா சொன்ன பிள்ளைகளுக்கு நெத்தி விளக்கும் பேட்டரியும், அந்தத் தங்கச்சியோட அம்மைக்கு உறை.

டியூப் மட்டும் மொத்தமா வாங்கிராதிய. பெரிய ஆம்பளைக்குப் பெரும்பாலும் 14 இல்லன்னா 16 நம்பர் போகும், ஆனா அவன் போட்டிருக்கதைப் பாத்து எழுதிட்டு வந்துதான் வாங்கணும். சில பேருக்கு ரப்பர் டியூப் அலர்ஜி, சிலிக்கான்தான் ஆகும், அது விலை கூட. சில பேரு நிரந்தரமா டியூப் போடாம, வேளாவேளைக்குப் போட்டு எடுப்பாவ, அவியளுக்கு வேற மாதிரி டியூப். எக்ஸ்பயரி தேதி பாத்து வாங்குங்க, ஹைகிரவுண்டு எதுத்தாப்புல மருந்துக் கடையில மொத்தமாக் கேட்டா விலை குறைப்பான்.

ரிப்பேர் முகாம் தேதி வெச்சா சொல்லுங்க. சாமான் லிஸ்ட் நான் எழுதித் தாரேன், கூலி எனக்கும் சேத்துப் போடுங்க. ஒங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ரேம்ப் இருக்கான்னு மட்டும் முதல்ல பாத்துச் சொல்லுங்க, இல்லன்னா மரத்தடியிலயே வெச்சுக்கிடுவோம்.